நிற்கிறவரும் உட்கார்ந்திருப்பவரும்

செல்போனில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள சங்ககிரியில் என்னிடம் வரும் தம்பி தங்கைகளுக்குக் கோணம் பற்றிய பாடம் முன்பே தெரிந்திருக்கிறது. யூடியூப் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. கேமராவைத் தாழ வைத்து மேல்நோக்கி எடுத்தால், அதாவது லோ ஆங்கிளில், ஆள் பெரியவராகத் தெரிவார். மேலிருந்து எடுத்தால் சிறுத்துப்போவார். கண் மட்டத்தில் வைத்தால் சமம். ஹீரோ அறிமுகத்தில் கேமரா ஏன் காலிலிருந்து மேலே ஏறுகிறது என்று புரிந்துகொள்ள இது போதும். எங்கள் ஊரைப் படம் எடுக்கப் போதாது.

என் அப்பா பண்ணாடி வீட்டு வாசலில் நிற்பார். பண்ணாடி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் அப்பாவின் இடுப்பு உயரம். என் கண்ணைக் கேமரா என்று வைத்துக்கொண்டால் அது சுத்தமான லோ ஆங்கிள்; பாடத்தின்படி அந்த வாசலில் அதிகாரம் என் அப்பாவிடம் இருந்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டு அவர் கக்கத்துக்கு இறங்கியிருந்தது.

2023 ஜூனில் வந்த மாரி செல்வராஜின் 'மாமன்னன்' இந்த இடத்தைத்தான் பிடித்தது. சேலம் பக்கத்துத் தனித்தொகுதி எம்.எல்.ஏ.வாக வடிவேலு. கட்சிக்காரரான ரத்தினவேலுவின் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நிற்கிறார். மகன் உட்காரச் சொல்கிறான், அவரால் முடியவில்லை. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்த அந்தக் காட்சியில் உயரமாகத் தெரிபவர்தான் தாழ்ந்தவர். நாற்காலிகளும் நிற்கிற மனிதரும் சேர்ந்து கண்ணில் பட்டால்தான் இது புரியும். வடிவேலுவின் முகத்தை மட்டும் குளோசப்பில் வைத்தால், ஏதோ கவலையில் இருக்கும் ஒரு பெரியவர், அவ்வளவுதான். கடைசியில் அவர் சபாநாயகர் நாற்காலியில் அமரும்போது நமக்குச் சிலிர்ப்பதும் அந்த முதல் நாற்காலி நினைவில் இருப்பதால்தான்.

படம் வந்தபோது பலரும் ப.தனபாலின் பெயரைச் சொன்னார்கள். சங்ககிரி தனித்தொகுதியாக இருந்த காலத்தில் இங்கிருந்து 1977, 1980, 1984, 2001 என நான்கு முறை வென்றவர்; 2012-இல் சபாநாயகர் ஆனவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பழைய செய்தி.

இன்னொரு படம், சினிமா அல்ல. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த புகைப்படம், 2020 அக்டோபரில் வெளியே வந்தது. வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இங்கே உட்கார்ந்திருப்பவர் தாழ்த்தப்பட்டவர். 'மாமன்னனில்' நிற்பவர். உயரத்துக்கு நிரந்தர அர்த்தம் கிடையாது; அந்த இடத்தில் நாற்காலி யாருக்கு என்பதுதான் கணக்கு. அழகாக இருக்கட்டும் என்று யாராவது அந்தப் படத்தைத் தலைவரின் முகம் வரை கிராப் செய்திருந்தால் சாட்சியமே போயிருக்கும்.

அதனால்தான் நம் பிள்ளைகளிடம் வைட் ஷாட்டை முதலில் எடுங்கள் என்று நச்சரிக்கிறேன். ஒரு சம்பவம் நடந்த தெருவுக்குப் போனால் அழுகிற அம்மாவின் முகத்துக்கு உடனே ஜூம் போடுகிறார்கள். டிவி பழக்கிய கை. தெரு எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது, குழாய் எந்தப் பக்கம், தார்ச்சாலை எந்த வீட்டோடு நின்றுவிடுகிறது, இதெல்லாம் ஒரே ஃப்ரேமில் வர வேண்டும். பத்து நொடி கையை அசைக்காமல் பிடியுங்கள். முகத்துக்குப் பிறகு போகலாம், அதுவும் அவரிடம் கேட்டுவிட்டு. மூன்றில் ஒரு பங்கு விதியெல்லாம் நல்லதுதான், நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.

ஃப்ரேமுக்கு வெளியே யார் இருக்கிறார் என்பதையும் கேளுங்கள். 2015 ஜூனில் ஓமலூர் கோகுல்ராஜைக் கடத்தியவர்கள், தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அவரையே பேசவைத்து செல்போனில் பதிவு செய்தார்கள். பேசுகிறவரைப் பார்க்கலாம், குரலைக் கேட்கலாம். போனைப் பிடித்திருந்தவர் படத்தில் இல்லை.

அதே வழக்கில் எதிர்ப்பக்கம் நின்றது, யாரும் கம்போஸ் செய்யாத ஒரு படம். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் சிசிடிவி. அசையாது, ஜூம் போகாது, யாருடைய முகத்தையும் தேடாது. வருகிறவர், போகிறவர், நேரம். முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகு அந்தப் பதிவு பெரிய ஆதாரமாக நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் 2023 ஜனவரியில் அந்தக் கோயிலுக்கே நேரில் வந்து கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். அந்த ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அங்கேதான். பஸ் ஏறிப் போய், எந்தக் கேமரா எந்த வாசலைப் பார்க்கிறது என்று நோட்டில் வரையப் போகிறோம். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.