மூட்டம் அகன்ற திரை

பழம்பொருளைத் திருத்துதல் வேறு. அதனை வேறொன்றாக மாற்றிவிடுதல் வேறு. இவற்றிடையேயுள்ள எல்லையை ஆராய்வார்க்கு, 1982இல் பிரித்தானியாவில் வெளிவந்த சின்கிளயர் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணனி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

வெளிவந்த காலத்தில் 16 கிலோபைற் நினைவகமுடையது 125 பவுணுக்கும், 48 கிலோபைற் உடையது 175 பவுணுக்கும் விற்கப்பட்டன. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதன் திரை. அக்காலப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் ஏரியல் துளையன்றி வேறு வாயில் இல்லை. ஆதலின் அக்கணனி, சிறியதோர் ஒளிபரப்பு நிலையம்போலத் தன் படத்தை வானொலி அலைமீது ஏற்றி 36ஆம் அலைவரிசையில் அனுப்பிற்று. தொலைக்காட்சி அதனை மீண்டும் பிரித்தெடுத்தது. இவ்வாறு ஏற்றி இறக்குகையில் எழுத்தின் விளிம்பு மங்கிற்று, நிறங்கள் கலங்கின.

இன்று அதனைப் பேணுவோர் செய்யும் திருத்தம் எளியது. அலையேற்றும் சிறிய உலோகப் பெட்டிக்குச் செல்லும் இரு கம்பிகளும் கழற்றப்படுகின்றன. ஒன்று மின்வலு தருவது. மற்றது படச் சைகையைக் கொணர்வது. வெளித்துளையோடு அப்பெட்டியினுள் இணைந்திருந்த தடையை விடுவித்து, படச் சைகையை ஒரு கொள்ளளவியின் ஊடாக நேரே அத்துளைக்குச் சேர்க்கின்றனர். மூட்டம் பெரிதும் அகல்கின்றது. விரும்பின் மீண்டும் பழையபடி இணைக்கவும் இயலும்.

ஆனால், திரை தெளிந்ததும் கணனியின் இயல்பான வரம்பு முன்னிலும் நன்றாகப் புலப்படுகின்றது. திரையிலுள்ள புள்ளிகள் 256க்கு 192. எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரு நிறங்களே இடம்பெறலாம். நினைவகத்தைச் சிக்கனப்படுத்தி, முழுப் படத்தையும் 6912 பைற்றில் அடக்குதற்காகச் செய்த ஏற்பாடு அது. மரத்தைக் கடக்கும் வீரன் மரத்தின் நிறத்தை ஏற்பதும், மரம் அவன் நிறத்தை ஏற்பதும் இதனாலேயே. 1984இல் வந்த ‘நைற் லோர்’ விளையாட்டைப் படைத்தோர் ஒவ்வோர் அறையையும் கருமைமேல் ஒரே நிறத்தில் தீட்டி, அவ்வரம்பையே அழகாக்கினர்.

மூட்டம் வழியில் வந்து படிந்தது. வரம்போ பொருளுடன் பிறந்தது. ஏட்டிற் படிந்த தூசியைத் துடைத்தல் பதிப்பாசிரியன் கடமை. புலவன் சொல்லைத் திருத்துதல் அவன் உரிமையன்று. பற்றாசுக் கோலைக் கையிலெடுப்போனும் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும்.