சொல்லக் கூசிய ஒரு செய்தி

இத்தகைய பொருளை நமது சங்க ஏட்டில் எழுதலாமா என்று சகோதரிகளில் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும், சுளிக்கட்டும்.

மாட்டுங்காவில் எங்களுடன் வசிக்கும் என் தமையனார் மகள் 17 வயது நிரம்பியும் பூப்பெய்தவில்லை. "மஞ்சள் நீராட்டு எப்பொழுது?" என்று கும்பகோணத்திலிருந்து என் தாயார் வாரந்தோறும் தொலைபேசியில் கேட்ட வண்ணமிருந்தார். மற்றப் பருவ வளர்ச்சி யாவும் செவ்வனே இருந்தமையால், தானே வருமென்று வீட்டார் தேறியிருந்தனர்.

ஸ்கேன் எடுத்த பெண் மருத்துவர் உண்மையை விளக்கினார். கருப்பை உருவாகவில்லை, யோனிக்குழாயும் சிறு குழியளவே உள்ளது. சினைப்பைகள் இரண்டும் நன்கு இயங்குகின்றன. ஏறத்தாழ 5,000 பெண்களில் ஒருத்திக்குப் பிறவியிலேயே இவ்வாறு அமைகிறதாம். சிலருக்கு ஒரு சிறுநீரகமும் இராதாகையால் அதனையும் சோதித்தார்.

"நான் பெண்தானே, டாக்டர்?" என்றாள் குழந்தை.

"அதில் ஐயமென்ன?" என்றார் அவர்.

மாதந்தோறும் வயிற்றுவலி இருந்து உதிரம் வெளிப்படாதிருப்பின் அது வேறு; சவ்வொன்று வழியை அடைத்திருக்கலாம், அதற்குத் தாமதமின்றிச் சிகிச்சை தேவை என்றும் எச்சரித்தார்.

அண்ணியாரோ, செய்தி கசியுமுன் அறுவை செய்து வரன் பார்த்துவிடத் துடித்தார். மருத்துவர் இசையவில்லை. டைலேட்டர் எனும் வழவழப்பான சிறு உருளைகளை, சிறிதிலிருந்து பெரிதாக, நாள்தோறும் சற்று நேரம் தானே அழுத்தி வைத்துவரின், சில மாதங்களில் குழாய் நீளும். பத்தில் ஒன்பது பேருக்கு இதுவே போதுமாம். 1938ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் விளக்கிய முறை இது. அதே ஆண்டில் லண்டனில் மக்கிண்டோ, தோலை ஒட்டிக் குழாய் அமைக்கும் அறுவையை வெளியிட்டார். ஆயின் அறுவைக்குப் பின்னும் டைலேட்டரை விடலாகாது. விட்டால் குழாய் சுருங்கிவிடும். கத்தியால் உழைப்பு மிஞ்சுவதில்லை! எனவே, எப்பொழுது தொடங்குவதென்பதை அவளே தீர்மானிக்கட்டும், முகூர்த்த நாள் தீர்மானிக்க வேண்டாம் என்றார் மருத்துவர். எனக்கு அது முற்றிலும் நியாயமாகப் பட்டது.

மகப்பேறு? சினைமுட்டை அவளுடையதே. கருப்பையற்றவருக்கு வாடகைத்தாய் முறையை 2021ஆம் ஆண்டுச் சட்டம், பணவாணிபமின்றி அனுமதிக்கிறது. ஸ்வீடனில் 2014இல், இதே குறையுள்ள பெண்ணொருத்தி மாற்றிப் பொருத்திய கருப்பையில் மகவு ஈன்றாள்.

மூன்றாண்டுகள் அவள் அப்பேச்சையே எடுக்கவில்லை. கல்லூரி இறுதியாண்டில் ஒருநாள், தன் அறைக்கு உட்தாழ்ப்பாள் வேண்டுமென்றாள். காரணம் கேளாமலே தமையனார் அன்று மாலையே தச்சனை அழைத்து வந்தார்.