ஆறு கம்பியில் ஏறும் புரோகிராம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே மாதம் கிளம்பும் காற்று செப்டம்பர் வரை ஓயாது. முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காத்தாடிகள் வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதியை இந்த சீசனில்தான் பார்த்தாக வேண்டும். அவற்றில் 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் சின்ன மெஷின்களும் உண்டு. அப்படிப்பட்ட பழைய மெஷின்களை மாற்றவும், முடிந்தவற்றைப் புதுப்பித்து ஆயுளை நீட்டவும் 2024-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் பட்டறைக்குப் போனோம். முப்பது வருஷமாக இந்த மெஷின்களை ஓடவைத்ததில் கோபுரம் ஏறுகிறவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, மேஜை முன் உட்கார்ந்து மெஷினின் கட்டுப்பாட்டு கார்டைப் பழுது பார்க்கிறவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

கோபுரத்தின் அடியில் இருக்கும் பேனலுக்குள் உட்கார்ந்திருக்கிறது அந்த கார்டு. காற்றின் வேகம், ஜெனரேட்டரின் சூடு, இறக்கை சுற்றும் வேகம், காத்தாடியின் தலை திரும்பித் திரும்பிக் கேபிள் எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பது வரை எல்லாம் அதற்குத் தெரிய வேண்டும். காற்று வினாடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் பிரேக் போட்டு நிறுத்துவதும் அதுதான். இடி விழுந்தாலும், லைனில் மின்னழுத்தம் எகிறினாலும், ஒரு பல்லி உள்ளே புகுந்தாலும் கார்டு போய்விடும். நல்ல காற்றில் ஒரு 250 கிலோவாட் மெஷின் ஒரு நாள் முழுக்க நின்றால் 6,000 யூனிட் நஷ்டம்.

பட்டறைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். நாகர்கோவிலிலேயே கோணம் அரசு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். டி.வி., டேப் ரெக்கார்டர் என்று தொடங்கி, ஒரு காத்தாடி நிறுவனத்தில் சர்வீஸ் வேலைக்குப் போனார். நிறுவனம் மூடிய பிறகும் அது நட்டுவிட்டுப் போன மெஷின்கள் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு ஆள் வேண்டும் அல்லவா? அதுவே அவருக்குத் தொழிலாகிவிட்டது. பக்கத்தில் வேலை பழகும் ஒரு பையன். அவனுக்கு இவர் அண்ணாச்சி, இவருக்கு அவன் மக்கா.

பழைய கார்டுகளில் புரோகிராம் ஈபிராம் சிப்புக்குள் இருக்கிறது. சிப்பின் முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதன்மேல் வெளிச்சம் படாமல் ஒட்டிய ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்துப் புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிஷம் போல வைத்தால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். பையன் ஸ்டிக்கரில் நகத்தை வைத்தபோது அண்ணாச்சி கையைத் தடுத்தார். “எழுததுக்கு முன்ன வாசிக்கணும் மக்கா. பழச அழிச்சிட்டா பொறவு யாருட்ட போய்க் கேப்ப?”

அடுத்து மேஜைக்கு வந்தது வேறு வகை கார்டு. தாமிரத் தடங்கள் கருகி, இனித் தேறாது என்ற நிலையில் வந்த சென்சார் கார்டுக்குப் பதிலாக அவரே வடிவமைத்தது. நடுவில் ஏடிமெகா 328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர். நார்வேயின் ட்ரொன்ஹெய்ம் நகரில் ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிவைத்த சிப் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குள் புரோகிராம் ஏற்றும் கருவி விரல் நீளம்கூட இல்லாத யூஎஸ்பிஆஸ்ப். ஜெர்மனியைச் சேர்ந்த தோமஸ் ஃபிஷ்ல் இதன் சர்க்யூட்டையும் புரோகிராமையும் ஊரறிய வெளியிட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதால்தான் நாகர்கோவிலில் ஒரு பட்டறை மேஜைக்கும் அது குறைந்த விலையில் வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் வேலை கம்பிகள். ஆறு கம்பி: சிப்புக்குள் போகும் தகவலுக்கு ஒன்று, வெளியே வருவதற்கு ஒன்று, தாளம் தரும் கிளாக் ஒன்று, ரீசெட், 5 வோல்ட், எர்த். கனெக்டரைத் திருப்பிச் செருகினால் மின்சாரம் போகக் கூடாத காலில் போய்விடும். அதனால் ஒன்றாம் பின்னுக்கு நேராகச் சிவப்பு மார்க்கர் புள்ளி. கார்டுக்குத் தன் சொந்த சப்ளை இருந்தால் புரோகிராமரின் 5 வோல்ட் ஜம்பரைக் கழற்றிவிடுகிறார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுக்கக் கூடாது. விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் டிரைவர் ஏற்ற வேண்டும். இவரிடம் இருப்பது லினக்ஸ் ஓடும் பழைய லேப்டாப்.

அடுத்தது கையெழுத்து. ஒவ்வொரு வகை சிப்பும் தன் அடையாளமாக மூன்று பைட் வைத்திருக்கிறது. ஏவிஆர்டூட் என்ற மென்பொருள் அதைக் கேட்கும். இந்த சிப் 1ஈ, 95, 0எஃப் என்று சொன்னால்தான் மேலே போகலாம். பையன் கேட்டான், பதில் வரவில்லை. கம்பி சரியாகத்தான் இருந்தது. ஃபேக்டரியிலிருந்து வரும் புது சிப் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் ஓடும்; புரோகிராமரின் கிளாக் அதில் கால் பங்கைவிடக் குறைவாக, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். யூஎஸ்பிஆஸ்பின் வழக்கமான வேகம் 375. வேகத்தைக் குறைத்ததும் மூன்று பைட்டும் திரையில் வந்தன.

ஃபியூஸ் பிட்டுகளில் அண்ணாச்சி பையனைத் தனியே விடுவதில்லை. எந்த கிளாக்கில் ஓடுவது, மின்னழுத்தம் எவ்வளவு இறங்கினால் தன்னை ரீசெட்டில் நிறுத்திக்கொள்வது என்பதெல்லாம் அந்தச் சில பிட்டுகளில் இருக்கிறது. போர்டில் கிரிஸ்டலே இல்லாமல் வெளிக் கிரிஸ்டல் என்று எழுதிவிட்டால் சிப் பேசாது. பலர் செத்துவிட்டது என்று தூக்கி எறிவார்கள். வெளியிலிருந்து ஒரு கிளாக்கைக் கிரிஸ்டல் காலில் கொடுத்தால் எழுந்துவிடும். ரீசெட் காலையே முடக்கும் பிட்டை எழுதிவிட்டாலோ இந்த ஆறு கம்பியால் பயனில்லை. 12 வோல்ட் கொடுத்து எழுதும் வேறு கருவி வேண்டும். மின்னழுத்தக் காவலை அவர் எப்போதும் 4.3 வோல்ட்டில் வைக்கிறார். லைன் தடுமாறும் நேரத்தில் அரைகுறை மின்சாரத்தில் ஓடும் சிப் பிரேக்குக்குத் தப்பான உத்தரவு கொடுத்துவிடக் கூடாது. பிறகு புரோகிராம் இருக்கும் ஹெக்ஸ் கோப்பு ஏறியது. ஏறியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டும் ஆயிற்று. இந்தக் கடைசி வேலைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆனால் வேறு நிறுவனங்களின் பிற்காலத்து கார்டுகள் வந்தால் கதை மாறுகிறது. லாக் பிட் போட்டிருந்தால் சிப்பிலிருந்து புரோகிராமை வாசிக்க முடியாது. கார்டில் எல்லா பாகமும் நன்றாக இருந்து, அந்த ஒரு சிப் மட்டும் போனாலும் முழு கார்டும் குப்பைதான். நிறுவனம் மூடியிருக்கும், கேட்டாலும் கொடுக்க ஆள் இல்லை. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். கழித்துப்போட்ட மெஷின்களின் கார்டுகளை வாங்கிப் பதுக்கி வைத்து, ஜூலையில் காத்தாடி நிற்கும்போது சொன்ன விலைக்கு விற்கிறார்கள். பழுது பார்த்தவருக்குக் கூலி, தரகருக்குக் கொள்ளை. அறிவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு போன நிறுவனமும் இதில் பங்காளிதான். கோடிக்கணக்கில் விலை கொடுத்து மெஷின் வாங்கியவனுக்கு, அதை ஓட்டும் சில கிலோபைட் எழுத்தின் நகல் கிடையாது என்பது என்ன நியாயம்?

சட்டம் இவ்வளவு கஞ்சத்தனமாக இல்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாக வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராம் அழிந்துவிடாமல் பாதுகாக்க நகல் எடுத்து வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளமும் தொடங்கியது. அதில் எடுத்துக்கொண்டவை விவசாயக் கருவிகள், மொபைலும் எலெக்ட்ரானிக்ஸும், வீட்டு உபயோகச் சாமான்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். காத்தாடி அதில் இல்லை.

ஆயுள் நீட்டிப்பு என்று அரசு எழுதிவைத்திருப்பது நடக்க வேண்டுமானால், மெஷின் விற்கும் நிறுவனம் கார்டின் சர்க்யூட் வரைபடத்தையும் ஹெக்ஸ் கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். அவற்றைக் காத்து வைக்கக் கோணம் பாலிடெக்னிக்கைவிடப் பொருத்தமான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். முப்பது வருஷ ஈபிராமின் நினைவு நிரந்தரம் அல்ல. காற்று தொடங்கும் முன், ஏப்ரலிலேயே சிப்பைக் கழற்றி, வாசித்து, நகலை இரண்டு இடத்தில் வையுங்கள்.