பன்னிரண்டு படங்களும் ஒரு நிழலும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் தொங்குகிறது. பின்னால் தஞ்சைப் பெரிய கோவிலின் விமானம். உச்சிக் கலசம் மட்டும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. முன்னால் பட்டுப் புடவையில் என் மாமியார். 1974-ஆம் வருஷம், அவருக்குக் கல்யாணமாகி நாற்பதாம் நாள் எடுத்த படம். புருவம் நெரிந்து, கண் சுருங்கி, உதடு இறுகி, "யார் அங்கே?" என்று அதட்டுகிற தோரணையில் நிற்கிறார்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 1999-ல். கூடத்தில் காலெடுத்து வைத்ததும் கண்ணில் பட்டது அந்தப் படந்தான். "சரிதான், அத்தை வெகு கண்டிப்பு!" என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் அவர் என்ன செய்தாலும் அந்தப் படத்தின் சாயலிலேயே எனக்குத் தெரிந்தது. என் தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகப் போக ஆசை; கேட்க வாய் வரவில்லை. இரண்டு நாள் முன்னால் விருந்தாளி மாதிரி போய் நின்றேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன், கேமராவைப் பற்றியல்லவா சொல்ல வந்தாய் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், அங்கேதான் வருகிறேன்.

பரணிலிருந்து இறங்கியது

சென்ற வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது, பித்தளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஒரு தோல் உறை கிடைத்தது. உள்ளே காலஞ்சென்ற மாமாவின் கேமரா. அக்ஃபா க்ளிக் 3. ஒரு காலத்தில் பரோடாவில் தயாராகி, நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் முதல் கேமராவாக இருந்ததே, அதேதான். மூடியைத் திறந்து விசையை அமுக்கினேன். 'க்ளிக்' என்றது! இத்தனை வருஷம் உறங்கியும் குரல் போகவில்லை.

இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்கிறீர்கள்? அதிகமில்லை, அதுதான் இதன் அழகு. 1900-ல் அமெரிக்காவில் கோடக் கம்பெனி ஒரு டாலர் விலைக்கு 'பிரவுனி' என்ற பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்தபோதே, குழந்தைகளும் எடுக்கலாம் என்றுதான் விற்றார்கள். நம் க்ளிக்கும் அந்த வம்சந்தான். பாட்டரி வேண்டாம். தூரம் கணக்கிட்டுத் திருக வேண்டாம். பத்தடிக்கு அப்பால் ஆளை நிறுத்தினால் போதும். அதற்குள் வந்தால் முகம் மங்கும். இப்படிப்பட்ட கேமராக்களில் ஷட்டர் வேகம் பொதுவாக ஒன்றேதான். விநாடியில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. அமுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள்; கை நடுங்கினால் கோபுரமும் நடுங்கும்.

இதற்கு வேண்டியது 120 என்ற அகலப் பிலிம் சுருள். அது இன்றும் தயாராகிறது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் கேளுங்கள். 620 என்ற சுருளுக்கான கேமராக்களும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தச் சுருளைக் கோடக் 1995-லேயே நிறுத்திவிட்டது. கேமராவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணாடியில் சிலந்தி வலைபோல் பூசணம் படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். படர்ந்திருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேமரா மலிவு, சுருள்தான் மலிவில்லை. கழுவுகிற கூலியையும் சேர்த்தால் எனக்கு ஒரு படத்துக்கு நூறு ரூபாய் பக்கம் ஆயிற்று. ஆகவே கண்டதையெல்லாம் எடுக்கத் தோன்றாது. பன்னிரண்டே பன்னிரண்டு! நகைக் கடையில் நிற்கிற மாதிரி யோசித்து யோசித்துத்தான் எடுப்பீர்கள்.

முதல் சுருளை மொட்டைமாடியில் வீணாக்கிவிட்டு, "அத்தை, இந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போய் வரலாமா?" என்று கேட்டேன். கூடத்துப் படத்தை ஒரு தரம் பார்த்தார். "போகலாமே" என்றார்.

விடியற்காலைத் தஞ்சை

மார்கழி மாதம். இரவு ரயிலில் ஏறி விடியற்காலையில் இறங்கினோம். கேரளாந்தகன் வாசலைக் கடந்து, இராஜராஜன் வாசலையும் கடந்து பிராகாரத்தில் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. முதலாம் இராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த கோவில். கருங்கல்லை அடுக்கி அடுக்கி 216 அடி உயரம். கிழக்கு வெயில் முகப்பில் பட்டு, கல் தேன் நிறமாக இருந்தது.

புகைப்படப் பிரியர்களுக்கு இந்தக் கோவில் ஒரு விதத்தில் பூர்வீக ஸ்தலம். சென்னை அரசாங்கம் 1856-ல் புகைப்படக்காரராக நியமித்த லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-ல் இங்கே வந்தார். மெழுகேற்றிய காகிதந்தான் அவருடைய பிலிம். விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டுக்களைத் துண்டு துண்டாக எடுத்து, இருபத்தொரு பிரதிகளை ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். என்னிடம் இருப்பதோ பன்னிரண்டு!

கர்ப்பக்கிருகத்தில் படம் எடுக்கக் கூடாது; வெளிப் பிராகாரத்தில் எடுக்கலாம். முதல் படம் விமானத்துக்கு. மாமா கலசத்தை ஏன் தவறவிட்டார் என்பது அப்போது புரிந்தது. அத்தைக்கு அருகிலேயே நின்று எடுத்திருக்கிறார்! நான் நந்தி மண்டபத்துக்கும் பின்னால் போய், வாசலை ஒட்டி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். கலசம் வந்தது. நான்காவது படம் நந்திக்கு. ஐந்தாவது, வரிசையாக வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. நடுவில் சுருளைத் திருக மறந்தேன். பலன்: நந்தியின் வயிற்றுக்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் கை கோத்துப் போகிறார்கள். ஒவ்வொரு தரம் எடுத்ததும், முதுகிலுள்ள சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் தெரியும்வரை திருகிவிடுங்கள். என் நந்தி உங்களுக்குப் பாடமாக இருக்கட்டும்.

கோபம் என்னம்மா கோபம்!

எட்டாவது படத்துக்கு, பழைய படத்தில் உள்ளபடியே அத்தையை விமானத்தின் முன் நிறுத்தினேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது பெட்டிக் கேமராவின் பழைய சட்டம். அப்படியே நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பகீரென்றது. புருவம் நெரிந்து, கண் சுருங்கி, உதடு இறுகி... கூடத்துப் படத்திலிருந்து அதே அத்தை இறங்கி வந்து நிற்கிறார்!

"அத்தை, என்மேல் ஏதாவது கோபமா?"

"கோபம் என்னம்மா கோபம்! வெயில் கண்ணைக் குத்துகிறது. சீக்கிரம் எடு" என்றார்.

கேமராவை இறக்கிவிட்டேன். "அப்படியானால், அந்தப் படத்திலும்?"

"அன்றைக்கும் இதே கதைதான். உங்க மாமா சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, 'சிரி, சிரி' என்கிறார். மணி பதினொன்று. கீழே கல் சுடுகிறது, மேலே கண் கூசுகிறது. சிரிப்பு எங்கேயிருந்து வரும்? அதைப் போய்ச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாரே என்று எனக்கு இன்றைக்கும் வெட்கந்தான்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நான் பயந்தது அத்தைக்கு அல்ல, வெயிலுக்கு! சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. தங்கை கல்யாணத்தைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "கேட்டிருந்தால் நானே புடவை எடுத்துக் கொடுத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே அனுப்பியிருப்பேனே! உனக்குப் பிறந்தகத்தில் ஒட்டுதல் இல்லையோ என்றல்லவா நினைத்தேன்" என்றார்.

விழாத நிழல் விழுந்தது

பிற்பகல் நான்கு மணிக்கு மறுபடியும் கோவிலுக்கு வந்தோம். இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு பேச்சு உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். கையில் கேமராவை வைத்துக்கொண்டு வெயில் எங்கே, நிழல் எங்கே என்று தேடுகிறவர்களிடம் அந்தப் பேச்சு செல்லாது. சூரியன் தென்மேற்கே சாய, வடக்குப் பக்கத்தில், சண்டிகேசுவரர் சந்நிதி அருகே, நிழல் பாய் விரித்தாற்போல் நீண்டு கிடந்தது. மார்கழியில் அது இன்னும் நீளம்.

"இங்கே நில்லுங்கள் அத்தை" என்றேன்.

"நிழலில் படம் விழுமா? உங்க மாமா விடவே மாட்டாரே!"

மாமாமேல் குற்றமில்லை. பிலிம் சுருளுக்கு வேகம் என்று ஒன்று உண்டு. அந்த நாளில் சாதாரணமாக வீடுகளில் வாங்கிப் போட்டது வேகம் குறைந்த சுருள். பெட்டிக் கேமராவுக்கு வெயில் இருந்தால்தான் படம். நான் போட்டிருந்ததோ 400 வேகம். ஆகாயம் தெரிகிற நிழலில் நின்றால் அதற்குப் போதும். சந்நிதிக்குள்ளோ கூரைக்குக் கீழோ போனால்தான் இருட்டு.

பன்னிரண்டாவது, கடைசிப் படம். பத்தடி தள்ளி நின்றேன். நான் 'சிரியுங்கள்' என்று சொல்லவில்லை. அத்தை விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார், அமுக்கினேன்.

சுருளைக் கழுவக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். மூன்று படங்கள் பழுது. கடைசிப் படம் பழுதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, பழைய படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். கண்கள் இரண்டும் அகலத் திறந்திருக்கின்றன. அத்தைக்கு இடது கண்ணோரத்தில் ஒரு சிறு மச்சம் இருப்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிற ஒரு பாட்டியோ, அத்தையோ, சித்தியோ இருப்பார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது, முதலில் அவர்களுடைய நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பரணில் பழைய கேமரா ஏதாவது கிடந்தால், இறக்கித் துடைத்து ஒரு சுருள் போடுங்கள். அவர்கள் இன்னும் நம்மோடு இருந்தால், கொஞ்சம் நிழலில் நிறுத்தி, மறுபடியும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.