வில்லும் தறியும்

எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் ஒரு கைத்தறி இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அதன் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். அந்த ஓசையில்தான் நான் கண் விழிப்பேன். ஒரு காலத்தில் மருதமுனைத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு இந்தச் சத்தம்தான் என்று மூத்தாப்பா சொல்வார். இன்று எங்கள் தெருவில் தறி மிஞ்சியிருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். மூத்தாப்பாவின் பார்வை மங்கிய பிறகு அதுவும் இரண்டு வருடங்களாகத் தறப்பாளால் மூடிக் கிடக்கிறது.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பழைய தறியை அள்ளிக்கொண்டு போனது. எஞ்சிய மரங்களைக் கடற்கரையில் தேடியெடுத்து மூத்தாப்பா மீண்டும் பூட்டிய தறி இது. சென்ற வருடம் இதை விற்றுவிடுவதென்று வாப்பா முடிவு செய்தார்.

அந்த நாட்களில் ஒரு மாலைப்பொழுதில் பாண்டிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். எங்கள் வீட்டுச் சாரிகளைப் பல வருடங்களாக வாங்கியவர். நெசவு நின்றுபோன செய்தி அவருக்குத் தெரியாது. வயலின் வகுப்பு முடிந்து வந்த அவருடைய மகளும் கூட வந்திருந்தார். தேநீர் வரும்வரை அந்த அக்கா வயலின் பெட்டியைத் திறந்து, தளர்ந்திருந்த வில்லைச் சரிபார்த்தார். எங்கள் வீட்டில் இசைக்கருவி எதுவும் இருந்ததில்லை. நானே வயலின் வில்லை அவ்வளவு அருகில் கண்டது அன்றுதான்.

"அதைக் கொஞ்சம் தாங்க புள்ள" என்று மூத்தாப்பா கையை நீட்டினார். கண்ணால் பார்க்க முடியாததால் விரல்களால் பார்த்தார். வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துக் கட்டியிருந்த மயிரின் ஓரத்தை மெதுவாகத் தொட்டுவிட்டு, "இது பாவு மாதிரியெல்லவா இரிக்கு! ஒண்டோட ஒண்டு பின்னாம ஒரே மட்டமா நிக்குது. ஆரு செஞ்சது?" என்று கேட்டார்.

கொழும்பில் வாங்கியது, யார் செய்தார் என்று தெரியாது என்றார் அந்த அக்கா.

"ஆரோ ஒராள் செஞ்சிருப்பான். அவனுக்குக் காட்டிக் குடுத்த ஒரு வாப்பாவும் இருந்திருப்பான்" என்றார் மூத்தாப்பா.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. பரீட்சைப் பாடங்களுக்கிடையே நூலகத்திலும் இணையத்திலும் வில் செய்பவர்களைப் பற்றித் தேடினேன். மூத்தாப்பா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

வயலின் வில்லில் இருப்பது குதிரை வாலின் மயிர். ஒரு வில்லுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மயிர்கள் வேண்டும். அவற்றை ஒரே நீளத்தில் சேர்த்து நூலால் கட்டி, இரு முனைகளிலும் உள்ள சிறு குழிகளில் மரத்துண்டுகளைச் செருகி இறுக்குகிறார்கள். பசை பூசுவதில்லை. மயிர் தேய்ந்தால் கழற்றிப் புதிதாகக் கட்டவேண்டுமல்லவா? வில்லின் தண்டு பார்ப்பதற்குச் சாதாரணக் குச்சி போலத் தெரியும். அதை முதலில் நேராகச் செதுக்கி, பிறகு நெருப்பில் சிறிது சிறிதாகச் சூடாக்கி உள்நோக்கி வளைக்கிறார்கள். சூடு கூடினால் மரம் கருகும், குறைந்தால் வளைவு நிலைக்காது. எல்லாம் முடிந்த வில்லின் எடை சுமார் 60 கிராம்தான். அந்த 60 கிராமும் கையில் சமநிலையாக நிற்கவேண்டும். புத்தகத்தைப் படித்து மட்டும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று "இன்னும் கொஞ்சம்", "போதும்" என்று சொல்லவேண்டும். அதனால்தான் இந்தத் தொழில் குடும்பங்களில் வளர்ந்திருக்கிறது.

பாரிஸ் நகரில் துர்த் என்றொரு குடும்பம் இருந்தது. தந்தை வில் செய்பவர். மூத்த மகனும் அப்படியே. இளைய மகனான பிரான்சுவா சேவியர் துர்த் மட்டும் கடிகாரத் தொழில் பழகப் போனார். எட்டு வருடங்கள் அதிலேயே இருந்துவிட்டு, பின்னர் அண்ணனோடு சேர்ந்து வில் செய்யத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் பயன்படும் வில்லின் நீளமும் வளைவும் நிலைபெற்றது அவருடைய கையில்தான். மயிரை நாடா போலத் தட்டையாகப் பரப்பி வைக்கும் சிறு உலோக வளையத்தின் பெருமையையும் அவருக்கே கொடுக்கிறார்கள். மூத்தாப்பாவின் விரல் வியந்தது அந்த இடத்தைத்தான். துர்த் 1835இல் இறந்தார். தாம் செய்த விற்களில் அவர் பெயர் பொறிப்பது மிக அரிது. எங்கள் மூத்தாப்பா நெய்த சாரன்களிலும்தான் பெயர் இல்லை.

நல்ல வில்லுக்கு உகந்தது பிரேசிலில் வளரும் பெர்னம்புகோ மரம். அந்த மரம் ஐரோப்பாவுக்கு முதலில் போனது வில் செய்வதற்காக அல்ல, துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவதற்காக! அதற்கும் முன்பே ஆசியாவிலிருந்து இன்னொரு சாயமரம் அங்கே போய்க்கொண்டிருந்தது. அதுதான் நம் பதங்க மரம். சிங்களத்தில் பதங்கி என்பார்கள். அரபு வணிகர்களும் அதைக் கடல் கடந்து கொண்டு சென்றார்கள். அந்த ஆசிய மரத்துக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயரே ‘பிரேசில்’. தென்னமெரிக்காவில் அதேபோன்ற மரத்தைக் கண்டபோது அதற்கும் அதே பெயரை இட்டார்கள். பின்னர் நாட்டுக்கே அது பெயராகிவிட்டது. சாயத்துக்காக அளவின்றி வெட்டியதாலும் காடுகள் அழிந்ததாலும் அந்த மரம் அருகிப்போய், 2007ஆம் ஆண்டு முதல் அதன் வர்த்தகம் சர்வதேச உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. இன்று வில் செய்பவர்களே அதன் கன்றுகளை நட்டு வளர்க்க முன்வந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது மூத்தாப்பா சிரித்தார். "அப்ப அது எங்கட தொழிலுக்குச் சொந்தக்கார மரம்தான்" என்றார்.

துணிவு வந்து வாப்பாவிடம் போனேன். பிரான்ஸின் மிரெகூர் என்ற ஊரைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊர் தறிக்குப் பேர்போனது போல, அது வயலினுக்கும் வில்லுக்கும் பேர்போன ஊர். அங்கே பசான் குடும்பம் நான்கு தலைமுறையாக வில் செய்தது. 1865இல் தந்தை இறந்தபோது மகன் சார்ல் நிக்கோலாவுக்கு வயது 18. அந்த வயதிலேயே பட்டறையைப் பொறுப்பேற்று அதை மேலும் வளர்த்தார். "எனக்கும் இப்ப பதினேழு வயது வாப்பா" என்று முடித்தேன்.

வாப்பா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் புள்ளைக்கு வேற வழி இருந்திச்சா எண்டு நீ படிச்சதில எழுதியிருக்கா மகள்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை.

அன்றுதான் வாப்பா தன் கதையைச் சொன்னார். பத்து வயதில் தார் சுற்றத் தொடங்கியவர். தறியில் உட்கார்ந்ததால் பாடசாலைக்குப் போகாத நாட்கள் ஏராளம். நூல் விலை ஏறும், சாரன் விலை ஏறாது. விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிந்தபோது, நெய்த சாரன்கள் வீட்டிலேயே அடுக்கிக் கிடந்தன. "அந்தத் தறிதான் எங்களுக்குச் சோறு போட்டது. நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அது என்னைப் படிக்க விடல்ல. உன்னையும் பிடிச்சு வெச்சிடுமோ எண்டுதான் பயம்" என்றார். தறியை விற்க நினைத்தது பணத்துக்காக என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அது எனக்காக என்று அப்போதுதான் விளங்கியது.

தமிழில் ‘வில்’ என்ற ஒரே சொல், வளைந்த வில்லையும் குறிக்கும், விற்றுவிடு என்றும் சொல்லும். அன்றிரவு இரண்டு பொருளும் என் தலைக்குள் மாறி மாறி ஓடின. வாப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது, மூத்தாப்பாவின் விரல்களிலும் நியாயம் இருந்தது. துர்த்தைப் பற்றி மீண்டும் நினைத்தேன். வீட்டுத் தொழிலை விட்டு வெளியே போய் எட்டு வருடங்கள் வேறொன்றைக் கற்றவர் அவர். அந்தக் கல்வி அவரைத் தொழிலிலிருந்து பிரித்துவிடவில்லை. அங்கே பழகிய நுணுக்கத்தோடு வந்ததால்தான் தந்தையின் வில்லை அவரால் இன்னும் சிறப்பாகச் செய்ய முடிந்தது என்று நான் நம்புகிறேன். அப்படியானால் நான் படிக்கப் போவதும் தறி வீட்டில் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரியாக வேண்டியதில்லை.

இதை வாப்பாவிடம் சொன்னேன். பரீட்சை முடியும்வரை தறியை விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். நானும் ஒரு வாக்குக் கொடுத்தேன். விடுமுறையில் மட்டும்தான் தறியைத் தொடுவேன், படிப்பு நாட்களில் தறப்பாளை விலக்கமாட்டேன்.

விடுமுறை வந்தது. மூத்தாப்பா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அறுந்த இழைகளை நான் முடிச்சிட்டேன். முதல் மூன்று நாட்களும் முடிச்சுப் போட்டதிலேயே கழிந்தன. கால் மிதியை அழுத்தினால் கை நாடாவை மறந்தது, கை நாடாவைப் பிடித்தால் கால் நின்றது. தோளும் முதுகும் வலித்தன. வாப்பா சொன்ன வலி இதுதான் என்று தெரிந்துகொண்டேன். இரண்டு கிழமைகளில் ஒரேயொரு சாரன் நெய்து முடித்தேன்.

மூத்தாப்பா அதை மடியில் விரித்து விரல்களை ஓடவிட்டார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. "இந்த இடத்தில நீ வேற என்னத்தையோ யோசிச்சிருக்காய்" என்றார். உண்மைதான். அப்போது நான் பரீட்சையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அன்புச் சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் பாய் பின்னிய, பீடி சுற்றிய, தோணி கட்டிய, நகை செய்த கைகள் இருக்கலாம். அந்தத் தொழிலை நாம் தொடராமல் போகலாம். ஆனால் அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து, "இதை எப்படிச் செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர்களுக்குப் பிறகு இதைக் கேட்க ஆளிருக்காது.

பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. தறியின் முடிவு என்னவென்று அல்லாஹ்வே அறிவான். பிழையுள்ள அந்தச் சாரனை வாப்பாவுக்குக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார், எதுவும் சொல்லவில்லை. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு அதை உடுத்திக்கொண்டு போனார்.