விழுந்தவனின் இருக்கை

பெரகலையிலிருந்து வெல்லவாயவை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில் அமைந்தது எங்கள் கொஸ்லந்த. சாலையின் ஒருபுறம் மலைச்சுவர். மறுபுறம் தெற்கே சமவெளி வரை சரிந்து செல்லும் பள்ளம். இன்னும் சிறிது தூரம் இறங்கினால், 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சி. இப்பாதையில் நாள்தோறும் பஸ் ஏறி இறங்கும் ஒருவனுக்கு மோட்டார் வேகத்தில் மோகம் பிறப்பது அரிது. வளைவுதோறும் ஒலியெழுப்பி, எதிரே வருபவருக்கு வழிவிட்டு, நிதானமாக வண்டியைச் செலுத்தும் சாரதியை மனத்துக்குள் வாழ்த்துவதே என் வழக்கம்.

இளைஞருக்கோ அப்படியன்று. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயம் அவர்களுக்கு ஒரு திருவிழா. 2024 ஏப்ரல் 21 அன்று அங்கே ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்ததில் 7 உயிர்கள் மாண்டன. அவற்றுள் ஒன்று 8 வயதுச் சிறுமியின் உயிர். என் அச்சம் வீணானதன்று என்பதை அந்நாள் துயரத்தோடு உறுதிப்படுத்திற்று. எனினும், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, பந்தயத்தை விரும்பாத இந்த ஆசிரியன் ஒரு பந்தய வீரரின் வரலாற்றைத் தேடிப் படித்து, அதைத் தோட்டத்து லயம் ஒன்றின் வாசலில் அமர்ந்து சொல்ல நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

என்னிடம் உயர்தர வகுப்பில் படித்த மாணவன் ஒருவன். தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தந்தைக்கும் அங்கேயே வேலை. பையன் படிப்பிற் கெட்டிக்காரன். ஆனால் அவன் பயிற்சிக் கொப்பிகளின் அட்டைகளிலெல்லாம் பந்தயக் கார்களின் படங்கள் ஒட்டியிருக்கும். பரீட்சைக்கு இரண்டு நாட்களே இருந்தபோது, லயத்திலிருந்து குறுக்குவழியாக ஓடி வந்தவன், தேயிலை மலையில் ஒரு கானைத் தாண்டிக் குதித்தான். நாள்தோறும் தாண்டுகின்ற அதே கான்தான். முதல்நாள் பெய்த மழையில் விளிம்பு இளகியிருந்தது. வலக்கை முறிந்தது. எழுதும் கை முறிந்தவன் பரீட்சை எழுதுவது எங்ஙனம்?

கட்டுப் போட்ட கையோடு அவன் வீட்டில் இருக்கிறான், தந்தை அவனைக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்ப முடிவுசெய்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் படிப்பு இப்படித்தான் முடிகிறது. ஒரு வருடம் தவறினால், அந்த ஒரு வருடத்தைத் தாங்கும் வலிமை குடும்பத்துக்கு இருப்பதில்லை. போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். வெறும் ஆறுதலை அவன் கேட்கமாட்டான். அவன் உள்ளத்துக்கு உகந்த உலகிலிருந்தே ஓர் உதாரணம் வேண்டும் என்று தேடினேன். அவ்வாறு கண்டவர்தாம் கோயம்புத்தூர்த் தமிழர், நரேன் கார்த்திகேயன்.

1977 ஜனவரி 14 அன்று பிறந்தவர் அவர். 1996இல் ஃபார்முலா ஆசியா பந்தயத் தொடரில் முதலிடம் பெற்றார். 2005இல் ஜோர்டான் அணியின் வீரராகி, ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவில் இண்டியானபொலிஸ் நகரில், சக்கரச் சிக்கலால் 14 வண்டிகள் விலகிக்கொள்ள, எஞ்சி ஓடிய 6 வண்டிகளுள் 4ஆவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அதன்பின் அவ்வுயர்ந்த பந்தயத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொரு வாயில் திறந்தது. அதுதான் பிரான்ஸ் நாட்டின் லே மான் பந்தயம்.

அப்பந்தயம் 1923இல் தொடங்கியது. ஏறத்தாழ 13.6 கிலோமீற்றர் நீளமுள்ள பாதையை, சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி ஞாயிறு பிற்பகல் வரை, 24 மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடவேண்டும். ஒருவரால் இயலும் காரியமா அது? ஆகவே பெரும்பாலும் ஒரு வண்டிக்கு மூவர். ஒருவர் ஓட்டிக் களைத்ததும் வண்டி எரிபொருளுக்காக நிற்கும். அவர் இறங்க, அடுத்தவர் ஏறுவார். எவரும் மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது என்பது விதி. ஓட்டுவதைப் போலவே, அடுத்தவரிடம் வண்டியைப் பழுதில்லாமல் ஒப்படைப்பதும் அங்கே ஒரு கலை.

2009 ஜூன் மாதம் நரேன் அந்தப் பந்தயத்துக்குப் போனார். கிடைத்தது அவுடி ஆர் 10; அதற்கு முந்திய 3 ஆண்டுகளும் தொடர்ந்து அங்கே வென்ற வகை வண்டி. லே மானில் ஓடும் முதல் இந்தியர் என்ற பெருமை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஓட்டம் தொடங்குமுன், வண்டிகள் நிற்கும் இடத்துக்கும் பாதைக்கும் இடையேயுள்ள சிறு சுவரைத் தாண்டுகையில் அவர் விழுந்தார். தோள்மூட்டு விலகியது. மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்துக்குப் பழகிய மனிதரை வீழ்த்தியது ஒரு சுவர்! அந்தப் பெருமையும் கை நழுவிற்று. 2012இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் லே மானில் ஓடி, தம் அணியினரோடு 6ஆம் இடம் பெற்று, அதனை அடைந்தார்.

இவ்வளவையும் அந்த லயத்து வாசலில் சொன்னேன். விழுந்த நரேன் ஓய்ந்துவிடவில்லை என்றும் சொன்னேன். 2011இல் அவர் ஃபார்முலா 1க்குத் திரும்பினார். அவ்வாண்டு இந்தியாவில் முதன்முறையாக நடந்த ஃபார்முலா 1 பந்தயத்திலும் ஓடினார். பிறகு பல ஆண்டுகள் ஜப்பானில் பந்தயம் ஓடினார். 2019 நவம்பர் 24 அன்று ஜப்பானின் ஃபூஜி பாதையில் ஜெர்மானியர்களின் சிறந்த கார்களும் ஜப்பானியரின் சிறந்த கார்களும் ஒன்றாக மோதிய பந்தயத்தில், தம் 42ஆம் வயதில் முதலாவதாக வந்தார். "ஆகவே நீயும் எழுந்திரு" என்று முடித்தேன். நல்ல சொற்பொழிவுதான்.

பையன் தலைநிமிர்ந்து பார்த்தான்.

"சேர், அவரோட அப்பாவும் பந்தயக்காரர். அவர்கிட்ட கார் இருந்துச்சு. விழுந்தாலும் திரும்பி வர வழி இருந்துச்சு. எனக்கு என்ன இருக்கு?"

எனக்கு விடை தெரியவில்லை. அவன் சொன்னது உண்மை. நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ரேலி ஓட்டத்தில் பலமுறை வென்றவர். மோட்டார் பந்தயம் செல்வம் வேண்டும் விளையாட்டு. முயற்சி ஒன்றே போதும் என்று, வசதியில்லாத ஒரு பிள்ளையிடம் சொல்வது அறமாகாது. அதை நான் கூசாமல் சொல்லியிருந்தேன்.

அப்பொழுது, அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தாய் மெல்லக் கேட்டார்: "அவர் விழுந்துட்டாருன்னா, அந்த வண்டி நின்னு போச்சுங்களா சேர்?"

நான் திகைத்தேன். கதையின் மிக முக்கியமான பகுதியை நான் சொல்லாமலே விட்டிருந்தேன்.

வண்டி நிற்கவில்லை. மூவருள் எஞ்சிய இருவர் ஆந்திரே லொட்டரர் என்னும் ஜெர்மானியரும், சார்ள்ஸ் ஸ்வொல்ஸ்மன் என்னும் ஒல்லாந்தரும். மூவர் சுமக்கவேண்டிய பாரத்தை இருவர் சுமந்தனர். ஒருவர் ஓட்ட, மற்றவர் சற்றே கண்ணயர, மீண்டும் இவர் ஏற, அவர் இறங்க, ஒரு பகலும் ஓர் இரவும் இப்படியே கழிந்தன. வண்டி 7ஆவதாக வந்து சேர்ந்தது. லொட்டரருக்கு லே மானில் அதுவே முதல் ஓட்டம். அடுத்த ஆண்டு அவுடி நிறுவனம் அவரைத் தன் சொந்த அணியில் சேர்த்துக்கொண்டது. 2011, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் தம் இரு தோழரோடு அவர் அங்கே வெற்றி பெற்றார். 2012இலும் 2024இலும் நீண்டநேரப் பந்தயங்களின் உலகப் பட்டமும் அவர் கையில் வந்தது. அத்தனைக்கும் தொடக்கம், விழுந்த தோழர் ஒருவரின் பங்கையும் சேர்த்து ஓட்டிய அந்த இரவு.

இதைச் சொன்னதும் தாய், "அப்ப வண்டியை ஓட்ட ஆள் இருந்தாப் போதும்" என்றார். அவ்வளவுதான். தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார்.

அன்றிரவு அவர் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் தம் மூத்த மகளோடு தொலைபேசியில் பேசினார் என்று பின்னர் அறிந்தேன். அப்பெண் அவ்வருடத்தோடு வேலையை விட்டு ஊர் திரும்ப எண்ணியிருந்தாள். கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. "தம்பி படிக்கட்டும். இன்னும் ஒரு வருஷம் நான் இருக்கிறேன்" என்றாளாம். பரீட்சை எழுதி முடித்த அவன் வகுப்புத் தோழர் இருவர் தங்கள் கொப்பிகளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தனர். மாலை வேளைகளில் வந்து, அவன் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதியும் உதவினர். தந்தை ஒன்றும் பேசவில்லை. கொழும்புக் கடைக்காரருக்கு ஆள் வராது என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

அடுத்த வருடம் அவன் பரீட்சை எழுதினான். பல்கலைக்கழகத்தில் இடமும் பெற்றான். கல்லூரியில் அவன் பெயரைப் பலகையில் எழுதினோம், மாலையிட்டோம், நானும் பேசினேன். விழுந்தவன் எழுந்த கதை எல்லாருக்கும் இனிக்கிறது. ஆனால் அன்று மேடையிலிருந்து சபையைப் பார்த்தபோது, பின்வரிசையில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு நாள் விடுமுறை பெற்று, இரவு முழுவதும் பஸ்ஸில் பயணம் செய்து வந்தவள். அவள் பெயர் பலகையில் இல்லை. கல்யாணப் பேச்சு அந்த ஒரு வருடத்தில் முறிந்துபோயிருந்தது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

மனவுறுதி என்பதைத் தனிமனிதனின் குணமாகவே நாம் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். லே மான் பாதை எனக்குக் கற்பித்தது வேறு. ஒருவன் விழும்போது வண்டியை நிற்கவிடாமல் ஓட்ட இன்னொருவர் இருந்தால்தான் அவனது உறுதிக்குப் பொருள் உண்டு. செல்வர் வீட்டில் அந்த இடத்தைப் பணம் நிரப்புகிறது; எங்கள் மலைகளில் ஓர் அக்காளின் இளமை நிரப்புகிறது. இக்கணக்கை நாம் ஒளிக்கலாகாது.

சென்ற மாதம் விடுமுறையில் வந்த அந்த மாணவன் என்னைக் காண வந்தான். பந்தயக் கார்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. படிப்பு முடிந்ததும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"முதல்ல அக்காவை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும் சேர்" என்றான். "அடுத்த முறை நான் ஓட்டணும்."