மழைக்காலக் கதவு

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு கோடைக்காலத்தில் மிக நல்ல கதவு. ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். ஒரு விரலால் இழுத்தால் மூடும். ஐப்பசி மழை தொடங்கியதும் அதன் குணம் மாறிவிடும். வெளியே நிற்பவர் தோள்கொடுத்துத் தள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் தாழ்ப்பாளின் பிடியை இரு கைகளாலும் பற்றி இழுக்க வேண்டும். தை பிறந்து வெயில் ஏறியதும் மீண்டும் பழைய சாதுவாகிவிடும். இப்படியே மூன்று மழைக்காலங்கள் கழிந்தன.

“தம்பி, அந்தக் கதவைக் கொஞ்சம் இழைச்சுவிடச் சொல்லேன்” என்று அம்மா முதல் ஆண்டே சொன்னார். “மழை விடட்டும் அம்மா” என்றேன். மழை விட்டது, கதவும் சரியாயிற்று. சரியாக இருக்கும் கதவை இழைக்க யார் ஆள் தேடுவார்? இரண்டாம் ஆண்டும் சொன்னார். மூன்றாம் ஆண்டு ஒரே ஒரு முறை சொன்னார். நான்காம் ஆண்டு, அதாவது 2024-இல், அவர் சொல்லவே இல்லை. கதவின் தொல்லை குறைந்துவிட்டது போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். கேட்பவர் கேட்பதை நிறுத்திவிட்டால், தேவையும் தீர்ந்துவிட்டது என்று நம்புவது நமக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது!

அவ்வாண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் தெருவில் தேங்கிய நீரைக் கடந்து கோவிலுக்குச் செல்லப் பலரால் இயலவில்லை. அடுத்து வந்த நாள்களில் வீடே ஈரத்தில் ஊறிக் கிடந்தது. சுவர்கள் வியர்த்தன, உப்பு நீர்த்துப் போயிற்று, அலமாரித் துணிகளில் பூஞ்சணம் படர்ந்தது. குளியலறைக் கதவோ நிலையோடு ஒன்றிவிட்டது. தாழ்ப்பாள் போட வேண்டிய தேவைகூட இல்லை. மூடினால் போதும், அதுவே பூட்டு.

டிசம்பர் 8 அவ்வாண்டு திருவருகைக்கால ஞாயிறாக அமைந்ததால், அமல உற்பவ அன்னையின் பெருவிழா மறுநாள் திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டிருந்தது. அன்று காலைத் திருப்பலிக்குச் செல்ல அம்மா ஐந்து மணிக்கே எழுந்து குளிக்கப் போனார். அவருக்கு அப்போது வயது 78. நான் உறக்கத்தில் இருந்தேன். கனமான ஏதோ ஒன்று விழுந்த ஓசையும், அதைத் தொடர்ந்து ஒரு முனகலும் கேட்டு எழுந்து ஓடினேன்.

ஈரக்கையால் கதவை இழுத்திருக்கிறார். கதவு அசையவில்லை, கை வழுக்கிவிட்டது. பின்புறமாக விழுந்த அவர், கதவை நோக்கிக் கால்களை நீட்டியபடி கிடந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னர்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது கதவு ஒன்றே. தோளால் மோதினேன். இரண்டு அங்குலம் உள்ளே சென்றது. அந்தக் கணத்தில் அம்மா எழுப்பிய அலறலை என்னால் எழுத்தில் வடிக்க இயலாது. கதவின் விளிம்பு அவருடைய முறிந்த காலை நெருக்கியிருந்தது.

அதற்கு மேல் நான் தள்ளவில்லை. தள்ளினால் அவருக்கு வேதனை. தள்ளாவிட்டால் அவரை அடைய வழியில்லை. கதவு உட்புறமாகத் திறப்பது. கீல்களும் உட்புறத்தில்தான். வெளியில் நிற்பவன் எதைக் கழற்றுவான்? விழுந்து கிடந்தவரே, தம்மை மீட்க வருவோருக்குத் தடையாகக் கிடந்தார். அது அவர் குற்றமன்று. அந்தக் கதவு மாட்டப்பட்டிருந்த விதம் அது.

என் மனைவியின் கூக்குரல் கேட்டு அண்டை வீட்டார் வந்தனர். அவர்களுடைய மகன் கல்லூரியில் படிப்பவன், மெலிந்த உடல்வாகு. ஒன்றும் கேட்காமல் கொல்லைப்புறம் சென்றான். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, காற்றுச் சாளரத்தின் கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அந்தச் சிறு இடைவெளி வழியாகத் தலைகீழாக நுழைந்து இறங்கினான். தோள்பட்டையில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. “பாட்டி, பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்” என்று அவன் சொன்னதை வெளியில் நின்று கேட்டேன். அவருடைய கால்களை மெல்ல ஒதுக்கிவிட்டு அவன் குரல் கொடுத்த பிறகுதான் நான் கதவைத் தள்ளினேன். விழுந்த ஓசை கேட்டதிலிருந்து இருபத்தைந்து நிமிடங்கள் ஆகியிருந்தன.

தொடை எலும்பின் மேற்பகுதி, இடுப்பு மூட்டை ஒட்டிய இடத்தில் முறிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அறுவை சிகிச்சை. அறுவை அரங்கிற்கு வெளியே அமர்ந்திருந்தபோது, மாற்கு நற்செய்தியின் இரண்டாம் பிரிவில் வரும் முடக்குவாதமுற்றவர் நினைவுக்கு வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு மக்கள் கூட்டம். சுமந்து வந்த நால்வரும் திரும்பிப் போய்விடவில்லை; கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அந்த நால்வருடைய நம்பிக்கையைக் குறித்து எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன். அன்றுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. அன்புகூர்ந்தவர்கள் கூரையைப் பிரிக்கும்படி ஆனதற்குக் காரணம், வாசல் அடைபட்டிருந்ததுதான். அங்கே அடைத்து நின்றவர்களும் தீயவர்கள் அல்லர். ஆண்டவரின் சொல்லைக் கேட்க வந்தவர்களே. நானும் தீயவன் அல்லன் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஒப்புரவு அருட்சாதனத்திற்கு எங்கள் பங்கில் ஏற்பாடு செய்திருந்தார்கள். வழக்கமாக நான் கொண்டு செல்லும் பட்டியல் ஒன்று உண்டு: சினம், பொறுமையின்மை, செபத்தில் பராக்கு. ஆண்டுதோறும் பெரிதாக மாறாத பட்டியல். அன்று முழந்தாளிட்டதும், “கதவை இழைக்காமல் விட்டேன், சாமி” என்றுதான் சொல்ல வந்தது. சொன்ன பிறகு அது எனக்கே சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றிற்று. விளக்கினேன். திருப்பலியின் தொடக்கத்தில், செய்த தீமைகளோடு செய்யாமல் விட்டவற்றையும் சேர்த்தே நாம் அறிக்கையிடுகிறோம். ஆயிரம் முறையேனும் மார்பில் தட்டிக்கொண்டு சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லுக்கு ஒரு கதவின் எடை உண்டு என்பதை அன்றுவரை அறியவில்லை.

அம்மா வீடு திரும்புவதற்குள் கதவை மாற்றிவிட வேண்டும் என்று தச்சர் ஒருவரை அழைத்து வந்தேன். முதியவர், என் தந்தையின் காலத்திலிருந்தே எங்கள் தெருவுக்கு அறிமுகமானவர். முதலில் பழைய கதவைக் கழற்ற வேண்டும். கீல்களின் திருகாணிகள் துருவேறி மரத்தோடு இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருந்தார். திருப்புளியின் முனையைத் திருகாணியின் பள்ளத்தில் வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. பிறகு மெதுவாக ஒரு திருப்பு. அவசரப்பட்டால் தலை உடைந்துவிடும் என்றார். இருந்தும் இரண்டு உடைந்தன. உளியால் சுற்றிலும் செதுக்கி எடுத்தார்.

கழற்றிய கதவைப் படுக்கவைத்து அதன் கீழ்விளிம்பை எனக்குக் காட்டினார். கறுத்து, ஊறி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. “முகத்துக்கு மூணு தடவை பெயின்ட் அடிச்சிருக்கீங்க. அடிக்கு ஒரு தடவைகூட அடிக்கல. மரம் தண்ணி குடிக்கிறது இந்த வெட்டுவாயிலதான்” என்றார். மரம் ஈரத்தை வாங்கினால் நீளவாக்கில் ஏறக்குறைய வளர்வதில்லை, குறுக்குவாக்கில்தான் விரியும். அதனால்தான் கதவு உயரத்தில் மாறாமல் அகலத்தில் பருத்து நிலையைப் பிடித்துக்கொள்கிறது என்று விளக்கினார். வெயில் வந்தால் ஈரம் வெளியேறிச் சுருங்கும். “சுருங்கினா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. அடுத்த மழைக்குக் காத்திருக்குன்னு அர்த்தம்.”

யார் கண்ணிலும் படாத விளிம்புக்கு நாம் வண்ணம் பூசுவதில்லை. ஈரம் அங்கிருந்துதான் ஏறுகிறது. வெயில் காலத்தில் மறைந்துபோகும் குறையை நாம் தேடிச் சென்று திருத்துவதுமில்லை. என் பாவ அறிக்கைப் பட்டியல் ஏன் ஆண்டுதோறும் மாறவில்லை என்பதற்கு அந்த விளிம்பே விடை சொல்வதாக எனக்குத் தோன்றிற்று.

நீரில் ஊறாத பி.வி.சி. கதவு போதும் என்று அவரே சொன்னார். தம் தொழிலுக்கு அது பகையாயிற்றே என்று நான் தயங்கியபோது, “பாட்டியம்மா விழாம இருக்கணும், அதுதான் வேலை” என்றார். நான் வேறொன்றும் கேட்டேன். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். மருத்துவமனையின் கழிவறைக் கதவு அப்படித்தான் திறந்தது. அங்கே இருந்த நாள்களில் அதைப் பலமுறை நின்று பார்த்திருந்தேன். வெளிப்புறம் திறக்கும் கதவின் கீல்களும் வெளியில் இருக்கும். உள்ளே யார் எப்படி விழுந்து கிடந்தாலும் அவரைத் தொடாமலே கதவைத் திறக்கலாம், திறக்காவிட்டால் கழற்றலாம்.

தச்சர் நிலையைத் தடவிப் பார்த்தார். கதவு வந்து பொருந்தும் படி, நிலையில் உட்பக்கமாகவே வெட்டப்பட்டிருந்தது. “கதவை மட்டும் திருப்ப முடியாதுங்க. கதவைத் திருப்பணும்னா நிலையைத் திருப்பணும்.”

அதற்குக் கொத்தனாரும் தேவைப்பட்டார். சுவருக்குள் பதிந்திருந்த இரும்புப் பிடிகளைச் சுற்றி உடைத்து, நிலையைப் பெயர்த்து, மறுபக்கமாகத் திருப்பி நிறுத்தி, மட்டம் பார்த்துச் சிமெண்ட் பூசினார்கள். வீடெங்கும் தூசி. அரை நாள் வேலை என்று நான் எண்ணியது மூன்று நாள் ஆயிற்று. நடையில் வருகிறவர்கள் மீது கதவு இடிக்குமே என்று உறவினர் ஒருவர் ஆட்சேபித்தார். இடித்தால் இடிக்கட்டும் என்றேன். இறுதியாக, உள்ளிருந்து திருகி மூடவும், வெளியிலிருந்து ஒரு காசைப் பள்ளத்தில் வைத்துத் திருப்பித் திறக்கவும் வசதியுள்ள தாழ்ப்பாளைப் பொருத்தினோம்.

டிசம்பர் 20 அன்று அம்மா வீடு திரும்பினார். அன்று மாலை அவர் கட்டிலருகே அமர்ந்து, “நாலு வருஷமா நீங்க சொன்னதை நான் கேட்கலை அம்மா” என்றேன். அவர் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேலைக்குப் போய்க் களைச்சு வர்ற பிள்ளைகிட்ட எத்தனை தடவைதான் சொல்றது?” என்றார். குறையாகச் சொல்லவில்லை, எனக்காகப் பரிந்துதான் சொன்னார். அதுதான் என்னை அதிகம் வருத்திற்று. அந்த நான்காம் ஆண்டு மௌனம் என்மீது கொண்ட இரக்கம். அதைத்தான் நான் எனக்குக் கிடைத்த விடுப்பாக எடுத்துக்கொண்டேன்.

கிறிஸ்து பிறப்பு விழா இரவில் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தொலைக்காட்சி முன் கொண்டுவந்தோம். உரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவு திறக்கப்பட்டு 2025 யூபிலி ஆண்டு தொடங்கிய இரவு அது. முற்காலத்தில் அக்கதவைச் செங்கல் சுவர் எழுப்பி அடைத்து வைத்திருப்பார்கள். திருத்தந்தை சுத்தியலால் தட்ட, அந்தச் சுவர் இடிக்கப்படும். 1974 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் தட்டியபோது, உடைந்த துண்டுகள் அவருக்கு மிக அருகில் விழுந்தன. அதன்பின் சடங்கை எளிதாக்கினார்கள். 1999-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுத்தியலின்றிக் கைகளாலேயே தள்ளித் திறந்தார். புனிதக் கதவேயானாலும், அணுகி வருபவர்மீது இடிந்து விழுமானால் அதை மாற்றத்தான் வேண்டும் என்று திருச்சபை கண்டது.

இம்முறை, 88 வயது நிறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கதவைத் தட்டினார். கதவு திறந்தது. நாற்காலியோடு அவர் உள்ளே கொண்டு செல்லப்பட்டார். நான்கு மாதத்தில், 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறைவனடி சேர்வார் என்று அன்றிரவு யாருக்குத் தெரியும்? அம்மா கைகூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாருடா, அவருக்கும் நாற்காலிதான்” என்றார். அவர் முகத்தில் விழுந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக ஒரு சிரிப்பைக் கண்டேன்.

அதன்பின் இன்னொரு மழைக்காலம் வந்துபோனது. அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாமாகவே குளியலறைக்குச் செல்கிறார். உள்ளே கைப்பிடிக் கம்பிகளும் பொருத்தியிருக்கிறோம். கதவு ஒரு விரலுக்கே அசைகிறது, மழையிலும். நிலையின் மேல்விளிம்பில் ஒரு ரூபாய்க் காசு ஒன்றை வைத்திருக்கிறேன். இதுவரை அதற்கு வேலை வரவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அது இருக்குமிடம் தெரியும். கண்ணாடித் தகடுகளை உருவி நுழைந்த அந்தப் பிள்ளைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

தண்ணீர் ஓசை நின்ற பின் சற்று நேரம் சென்றால், நான் நடையில் வந்து நிற்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. என் காலடியோசையை அவர் எப்படியோ அறிந்துகொள்கிறார்.

“இருக்கேன்டா” என்று உள்ளிருந்து குரல் வருகிறது.